யூசுப்பின் சட்டி என் கராஜில் இருந்தது

கைபேசியில் அந்தப் படம் வந்தபோது நான் கராஜில் வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலை. எங்கள் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யூசுப் போட்டிருந்தார். செம்பழுப்பு நிறத்தில், இரண்டு உள்ளங்கைகளை விரித்து வைத்தால் அடங்குகிற அகலத்தில், ஒரு மண்சட்டி. உள்ளே எலுமிச்சை மரத்தில் செய்த சின்னக் குழவி.

படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. "நேற்று கிளப்ஹவுஸ் சாப்பாட்டில் இதை விட்டுவிட்டேன். யாருடைய பாத்திரங்களோடாவது வந்துவிட்டதா?"

அதே சட்டி வாஷிங் மெஷினின் மேல், என் கண் முன்னால் இருந்தது.

நான் எடுத்து வரவில்லை. முந்தின நாள் தெருவின் பொதுக்கூடமான கிளப்ஹவுஸில், அவரவர் சமைத்ததைக் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடும் பாட்லக் முடிந்து எல்லோரும் ஆளுக்கொரு பாத்திரத்தைத் தூக்கி எந்த வண்டியில் கிடைத்ததோ அதில் வைத்துக்கொண்டிருந்தோம். என் டிக்கியிலும் யாரோ பாத்திரம் அடுக்கினார்கள். மண்சட்டி என்றால் மீன் குழம்பு வைக்கிற ஜெரால்டு, அதாவது நான்தான் என்று நினைத்திருப்பார்கள். காலையில் டிக்கியைத் திறந்தபோதுதான் பார்த்தேன்.

உடனே பதில் எழுதத் தொடங்கினேன். "கவலைப்படாதீர்கள், என்னிடம்தான்" என்பது வரைக்கும் டைப் செய்துவிட்டேன். அதற்குள் என் நண்பன் செந்திலின் செய்தி, அதுவும் ஆங்கிலத்தில், வந்து விழுந்தது.

"பாய், டென்ஷன் ஆகாதீங்க. நான் ஹாஃப் டே லீவ் போட்டுட்டு இப்பவே கிளப்ஹவுஸ் போய்ப் பாக்குறேன்."

ஹாஃப் டே லீவ். என் முழங்கால் ஆபரேஷனன்று, "ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்குடா, சாரிடா" என்று சொன்னவன் இவன். நான் டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டைப் செய்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். சட்டியை எடுத்துப்போய் கராஜின் மூலையில், கேம்பிங் கூலருக்குப் பின்னால் வைத்தேன்.

இத்தனை வாரங்களாக இந்தத் தொடரின் பக்கங்களில் வேலை போனது, வீடு மாறியது, சண்டை போட்டது என்று என்னென்னவோ எழுதிவிட்டேன். எல்லாவற்றிலும் நான் கொஞ்சம் நல்லவனாகவே வந்து போயிருக்கிறேன். இந்த வாரம் அதற்கு வழியில்லை.

ஒரு சாஸ்பேன், இரண்டு பேர்

செந்திலை நான் சந்தித்தது நியூஜெர்சியில். எடிசனில் கம்பெனி கொடுத்த கெஸ்ட் ஹவுஸில் ஒரே அறை. அவன் பொள்ளாச்சி, நான் தூத்துக்குடி. இருவருக்கும் அமெரிக்கா வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வெளியே முழங்கால் அளவு பனி. சமையலறையில் இருந்தது கைப்பிடி ஆடுகிற ஒரே ஒரு சாஸ்பேன்.

அதில்தான் நான் அவனுக்கு முதன்முதலாக மீன் குழம்பு வைத்துக் கொடுத்தேன். கொரியன் கடையில் வாங்கிய பேர் தெரியாத மீன். பொள்ளாச்சிக்காரன் முதல் வாய் பயந்து பயந்து வைத்தான். அப்புறம் சாஸ்பேனையே மடியில் வைத்துக்கொண்டு பிரெட்டால் வழித்தான்.

அதற்குப் பிறகு நாங்கள் பிரியவில்லை என்றே சொல்லலாம். அவனுக்கு டாலஸில் வேலை கிடைத்தபோது நானும் தேடிப்பிடித்து வந்தேன். டாலஸை ஒட்டிய காப்பெலில் அவன் வீட்டிலிருந்து நான்காவது வீடு என்னுடையது. என் மனைவி ஸ்டெல்லா, "நீங்க அவரத்தான் கெட்டியிருக்கணும்" என்பாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் தெருவில் எல்லோரும் சமைத்துக்கொண்டு வந்து கிளப்ஹவுஸில் சாப்பிடுவோம். பல வருடங்களாக முதலில் காலியாவது என் மீன் குழம்பு. செந்தில் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, "ஜெரால்டு குழம்பு வந்துருச்சு, லைன்ல வாங்க" என்று அறிவிப்பான். அந்த அறிவிப்பைக் கேட்கத்தான் நான் அதிகாலையில் எழுந்து தேங்காய் அரைத்தேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமில்லை.

உடைந்து வந்தவை

ஒரு சின்னக் குறை மட்டும் எனக்கு இருந்தது. மண்சட்டி.

இரண்டு முறை ஊரிலிருந்து கொண்டுவரப் பார்த்தேன். முதல் சட்டியைப் பழைய வேட்டிகளில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். நூவார்க்கில் திறந்தால் நான்கு துண்டு. இரண்டாவதைக் கைப்பையில் எடுத்து வந்தேன். பாதுகாப்புச் சோதனையில் ஒருவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது என்ன?" என்றார். "சமைக்கிற பாத்திரம்" என்றேன். அவர் திருப்பித் தந்தபோது முழுசாகத்தான் இருந்தது. டாலஸில் விமானத்தின் மேல்தட்டிலிருந்து எவரோ பெட்டியை இழுக்க, அதுவும் போனது.

இங்கே இந்தியக் கடைகளில் சட்டி கிடைக்கிறது. பளபளவென்று எதையோ பூசி வைத்திருக்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இருபது வருடமாக என் புகழ்பெற்ற குழம்பை நான்ஸ்டிக் பாத்திரத்தில்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்டவன் கண்ணில்தான் யூசுப்பின் சட்டி பட்டது.

பாய்

யூசுப் காசாக்காரர். மருந்தாளுநர். வெகுநாள் ஹூஸ்டனில் இருந்துவிட்டு எங்கள் தெருவுக்கு வந்தார். மனைவி நர்ஸ். பாதி வாரயிறுதிகளில் அவருக்கு ட்யூட்டி இருக்கும்.

செந்தில் அவரை முதல் நாளே "பாய்" என்று கூப்பிட்டான். நம் ஊர் வழக்கம். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஐம்பது வயது ஆளை ஆங்கிலத்தில் பையன் என்கிறானே என்று நினைத்திருக்கிறார். செந்தில் விளக்கிச் சொன்னதும் சிரித்த சிரிப்பில் இருவரும் நண்பர்களாகிவிட்டார்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் வந்த முதல் பாட்லக்கில் அந்தச் சட்டியை மேஜையில் வைத்து, எல்லோர் முன்னாலும் பூண்டையும் பச்சை மிளகாயையும் கொத்தமல்லி போன்ற மணமுள்ள ஏதோ விதையையும் போட்டு இடித்தார். பிறகு தக்காளி. பிறகு எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய். குழவி மண்ணில் உரசுகிற சத்தத்துக்கே ஆட்கள் கூடிவிட்டார்கள். "எங்கள் ஊரில் இதற்கு ஸிப்தியா என்று பெயர். இதிலேயே இடிப்போம், இதிலேயே சமைப்போம், இதிலேயே சாப்பிடுவோம்" என்றார்.

அடுத்த மாதம் அதே சட்டியில் இறால் வைத்து, அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு கொண்டுவந்தார். மேஜையில் வைத்த பிறகும் கொதித்துக்கொண்டிருந்தது. நாட்டுச்சட்டியின் குணம் அது. எனக்குத் தெரியாதா?

செந்தில் கத்தினான். "பாயோட இறால் வந்துருச்சு, லைன்ல வாங்க!"

அன்றைக்கு என் குழம்பில் பாதி மிச்சம். வீட்டில் மூன்று நாள் அதைத்தான் சாப்பிட்டோம்.

அதன் பிறகு சனிக்கிழமை மதியங்களில் செந்தில் யூசுப் வீட்டில் இருந்தான். "சும்மாதான்டா, பாய் பூண்டு உரிக்கச் சொன்னாரு" என்பான். என் வீட்டில் அவன் ஒரு நாள்கூட பூண்டு உரித்ததில்லை. நானும் சொன்னதில்லை என்பது வேறு.

அந்தச் சட்டி யூசுப்பின் அக்கா ஹனான் கொடுத்தது. அவர் கடைசியாக ஊருக்குப் போயிருந்தபோது, தன் சமையலறையிலிருந்து எடுத்துத் தன் உடுப்பிலேயே சுற்றி அனுப்பியிருக்கிறாள். எத்தனையோ சோதனைச்சாவடிகள், இரண்டு விமானங்கள். ஒரு கீறல் விழவில்லை. இன்று அந்தச் சமையலறை இல்லை, அந்த வீடே இல்லை, ஹனான் கூடாரத்தில் இருக்கிறாள் என்று செந்தில்தான் எனக்குச் சொன்னான்.

இதைக் கேட்ட எவனும் இரக்கப்பட்டிருப்பான். எனக்கும் இரக்கம் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்தது. அவர் சட்டி மட்டும் உடையாமல் வந்துவிட்டதே!

குப்பைத் தொட்டி

அந்தத் திங்கட்கிழமை மாலை வழக்கம்போல் வாக்கிங் போக செந்தில் வந்தான். வலது உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தான். சட்டையில் அழுகின வாடை.

"என்னடா இது?"

"டம்ப்ஸ்டருக்குள்ள இறங்கினோம்டா. நானும் பாயும். ஒவ்வொரு பையா பிரிச்சுப் பாத்தாச்சு. டின்னு கிழிச்சிருச்சு."

அன்று நூறு டிகிரிக்கு மேல் வெயில். ஐம்பது வயதான இரண்டு பேர் கிளப்ஹவுஸுக்குப் பின்னாலிருக்கிற இரும்புத் தொட்டிக்குள் இறங்கி, நாங்கள் எல்லோரும் தின்றுபோட்ட எச்சிலைக் கிளறியிருக்கிறார்கள்.

"கிடைச்சுதா?" என்று கேட்டேன். கேட்டது நான்தான்.

"இல்ல. அந்த க்ளீனிங் பண்றவரு பாவம். பழைய சட்டின்னு தூக்கிப் போட்டிருப்பனோன்னு அவருக்கே சந்தேகம் வந்துருச்சு. பாய் ஒண்ணும் சொல்லல. ஆனா அந்த மனுசன் சாரி சாரின்னு சொல்லீட்டே இருந்தாரு."

அப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அன்று காலையில் சொல்லியிருந்தால் அது மறதி, மாலையில் சொன்னால் திருட்டு. அதுவும் அவன் கையில் அந்தக் கட்டு இருக்கும்போது எப்படிச் சொல்வது?

செவ்வாய் சொல்லவில்லை. புதன் சொல்லவில்லை. தினமும் அவனோடு குளத்தைச் சுற்றி நடந்தேன். தினமும் அவன் அந்தச் சட்டியைப் பற்றியே பேசினான். அவன் பேசப் பேச, கொடுக்கிற எண்ணம் கூடவில்லை. குறைந்தது.

சீலா மீன்

சனிக்கிழமை காலை ஸ்டெல்லா மாதா கோயில் பாடகர் குழுவின் பயிற்சிக்குப் போனாள். நான் சட்டியை உள்ளே கொண்டுவந்தேன்.

ஏன் என்று கேட்டால் எனக்கு ஒழுங்கான பதில் இல்லை. ஐந்து நாள் ஒளித்து வைத்த பொருள். ஒரு முறையாவது அதில் குழம்பு வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

ஃப்ரீசரில் சீலா மீன், மற்ற ஊர்களில் வஞ்சிரம் என்பார்கள், நான்கு துண்டு இருந்தது. தேங்காய் அரைத்தேன். புளி கரைத்தேன். அடுப்பைச் சிம்மில் வைத்து, வெடித்துவிடுமோ என்று பார்த்துப் பார்த்துச் சட்டியைச் சூடாக்கினேன். வெடிக்கவில்லை. மசாலாவை ஊற்றியதும் மண்ணிலிருந்து மழை பெய்து ஓய்ந்தது போல ஒரு வாசம் கிளம்பியது. அதற்குள்ளே யூசுப்பின் பூண்டு வாசமும் இருந்தது. எத்தனை வருடப் பூண்டோ?

குழம்பு வைத்து இறக்கி, அரை மணி நேரம் காத்திருந்து, சோறு போட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

என் வாழ்க்கையில் நான் வைத்த மிக நல்ல குழம்பு அதுதான். கை தானாகக் கைபேசியை எடுத்து செந்தில் பெயரைத் தேடியது. அவனிடம்தானே இதைச் சொல்ல வேண்டும். பாதியில் கைபேசியைக் கீழே வைத்தேன்.

பயிற்சி சீக்கிரம் முடிந்து ஸ்டெல்லா வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"ஏங்க, இது யாரு சட்டி?"

தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தேன்.

"நான் கேக்கேன்ல. அந்த மனுசன் அஞ்சு நாளா தேடிட்டுக் கெடக்காரு. செந்தில் கைய வெட்டிட்டு வந்து நிக்காரு. இங்க உக்காந்து குழம்பு வச்சுத் தின்னுட்டு இருக்கீங்களா?"

"கொடுக்கத்தான் போறேன்."

"என்னைக்கு?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நான் கூட வருவேன்னு நெனைக்காதீங்க. உங்க சோலி, நீங்களே போங்க. இப்பவே."

சட்டியைச் சோப்புப் போடாமல், கல்லுப்பு வைத்துத் தேய்த்துக் கழுவினேன். துண்டில் சுற்றினேன். எட்டு வீடு தள்ளித்தான் யூசுப் வீடு. நடந்தே போனேன்.

ஹனானின் கேள்வி

கதவு திறந்துதான் இருந்தது. யூசுப் சமையலறையில் ஒரு ஸ்டீல் கிண்ணத்தில் டம்ளரின் அடியால் பூண்டு நசுக்கிக்கொண்டிருந்தார். கிண்ணம் வழுக்கி வழுக்கி ஓடியது. பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த கைபேசியில் ஒரு பெண்ணின் குரல் அரபியில் விட்டுவிட்டுக் கேட்டது. லைன் கிடைக்கும்போது மட்டும் பேசும் அக்கா அவள் என்று புரிந்தது.

துண்டைப் பிரித்து மேஜையில் வைத்தேன்.

அதற்குப் பிறகு பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். நினைவிலிருந்து தமிழில் தருகிறேன்.

யூசுப் சட்டியைத் தூக்கவில்லை. ஒரு விரலால் விளிம்பைச் சுற்றித் தடவினார். பிறகுதான் கையிலெடுத்து முகர்ந்தார்.

"மீன்" என்றார்.

"ஆமாம்."

"எங்கே கிடைத்தது?"

"ஞாயிற்றுக்கிழமையே என் காரில் வந்துவிட்டது. உங்கள் செய்தியைப் பார்த்தேன். பதில் போடவில்லை."

"ஏன்?"

வழி நெடுக நான்கைந்து பொய்கள் தயார் செய்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. "பொறாமை" என்றேன்.

"என் மேலா?" அவர் உண்மையிலேயே குழம்பிப்போனார். சமையலறையைச் சுற்றிப் பார்த்தார், நான் எதைச் சொல்கிறேன் என்று தேடுகிறவர் போல. "என்னிடம் என்ன இருக்கிறது?"

"செந்தில்" என்றேன். என் காதில் அது எவ்வளவு சிறுபிள்ளைத்தனமாக விழுந்தது என்பதை எழுத்தில் சொல்ல முடியாது.

கைபேசியில் ஹனான் ஏதோ கேட்டாள். அவர் பதில் சொன்னார். நீளமாகச் சொன்னார். நடுவில் என் பெயர் வந்தது. பிறகு அவள் படபடவென்று பேசினாள்.

"சோப்புப் போட்டீர்களா என்று அக்கா கேட்கிறாள்" என்றார்.

"இல்லை. உப்பு."

அவர் அதைச் சொன்னார். அவள் மறுபடி ஏதோ சொன்னாள். குரலில் சிரிப்பு இருந்தது போலிருந்தது.

"சட்டியைத் தெரிந்தவர் என்கிறாள். திருடர் என்றும் சொல்கிறாள்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. யூசுப் சிரிக்கவில்லை.

"அவள் தூரத்தில் இருக்கிறாள், சிரிக்கலாம். குப்பைக்குள் இறங்கியது நான். இது தொலைந்துபோனது என்று அவளிடம் சொல்ல மூன்று நாள் தைரியம் இல்லாமல் இருந்ததும் நான்தான்." சட்டியை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினார். "சுத்தம் செய்கிறவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். செந்திலிடமும். நான் சொல்ல மாட்டேன்."

கைகொடுக்க என் கையை நீட்டினேன். அவர் கையில் பூண்டு இருந்தது. அதனால்தான் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

பிரியாணி

செந்தில் வீட்டு வாசலில் ஸ்ப்ரிங்க்ளரைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். கட்டுப் போட்ட கையைத் தூக்கி வைத்துக்கொண்டு இடது கையால் திருகிக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சட்டி, கூலர், குழம்பு, எல்லாம்.

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"அஞ்சு நாள் என்கூட நடந்து வந்திருக்க. என் கையப் பாத்துட்டே."

"ஹாஃப் டே லீவ் போட்டியேடா. எனக்கு ஒரு நாளாவது போட்டியா?"

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டுவிட்டேன்.

கோபத்தில் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் மெதுவாகத்தான் பேசினான்.

"எங்கப்பா செத்தப்ப நீ என்ன பண்ணினன்னு ஞாபகம் இருக்கா?"

"வந்தேனே. ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காம நீ உக்காந்திருந்தப்ப ராத்திரி பூரா உன் கூடத்தானே இருந்தேன்."

"இருந்த. பிரியாணி வாங்கீட்டு வந்த. எடிசன் கதை, சாஸ்பேன் கதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வச்ச. தப்பு சொல்லல. ஆனா ஒண்ணு சொல்றன் கேளு. எங்கப்பா எப்படி இருப்பாருன்னு இத்தனை வருசத்துல நீ கேட்டதே இல்ல. பாய் வந்த ரெண்டாவது வாரம் கேட்டாரு. பூண்டு உரிச்சுட்டே கேட்டாரு."

அவன் அப்பாவின் பெயர்கூட எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

பிறகு

திங்கட்கிழமை கிளப்ஹவுஸுக்குப் போய், சுத்தம் செய்கிறவரிடம் சொன்னேன். அவர் என் முழுக் கதையையும் கேட்கவில்லை. "சட்டி இருக்கிறதா? உடையவில்லையா?" என்று மட்டும் கேட்டு, மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

குழுவிலும் எழுதினேன். இரண்டு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். மற்றவர்கள் பேசாமல் இருந்தார்கள். அடுத்த மூன்று பாட்லக்குகளுக்கு நான் போகவில்லை. ஸ்டெல்லா தயிர்சாதம் கிளறிக்கொண்டு தனியாகப் போய் வந்தாள்.

செந்தில் வாக்கிங் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அவனும் யூசுப்பும் குளத்துப் பக்கம் போய்க்கொண்டிருப்பார்கள். திரைச்சீலையை இழுத்துவிடுவேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி விலக்கிப் பார்ப்பேன்.

வெயில் தணிந்து, காலையில் ஸ்வெட்டர் தேவைப்படுகிற மாதம் வந்தது. ஒரு நாள் நானே அவன் வீட்டு மணியை அடித்தேன். கையில் குழம்பு எதுவும் எடுத்துப் போகவில்லை.

கதவைத் திறந்தவன் உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. வாசல் படியில் உட்கார்ந்தான். நானும் ஒரு படி கீழே உட்கார்ந்தேன்.

"உங்கப்பா எப்படிடா இருப்பாரு?" என்றேன்.

"இப்ப வந்து கேக்குறியா?"

"இப்பதான் கேக்குறேன்."

அவன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுக்காரர் இலை கூட்டுகிற மெஷினை நிறுத்தினார்.

"குள்ளமா இருப்பாரு" என்றான் கடைசியில். "என்னைவிடக் குள்ளம். சைக்கிள்ல கால் எட்டாது. ஆனா ஓட்டுவாரு."

பிறகு சொல்லிக்கொண்டே போனான். எந்தெந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஏற்கனவே ஒருவருக்குச் சொல்லிப் பழகிய கதை. இதையெல்லாம் யூசுப் எனக்கு முன்னால் கேட்டிருப்பார் என்று நினைத்தபோது உள்ளே சுருக்கென்றது.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.